பற்றவைத்த இடத்தில் டச் பாருங்கள்

போன மாதம் ஏற்காடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, அஸ்தம்பட்டி தாண்டி மலையடிவாரம்கூட வரவில்லை, சித்தி மகன் ஆரம்பித்துவிட்டான். "அண்ணா, இந்த பஹாய்க்காரங்க சொல்றது உண்மையா பொய்யா?" என்றான். காலேஜ் முடித்து ஒரு வருடம்தான் ஆகிறது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் பஹாய் மதத்துக்காரர். அவர் வீட்டில் நடக்கும் படிப்பு வட்டத்துக்கு இரண்டு வாரம் போய்விட்டு வந்திருக்கிறான். "கட்டாயமே இல்லைண்ணா. நம்புன்னு சொல்லலை, நீயே தேடிப் பாருன்னுதான் சொல்றாங்க. அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு."

எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் அவன் கேள்விக்கு உண்மை என்றோ பொய் என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் அவனுக்குச் சொன்னதும், சொல்ல விட்டுப்போய் வீட்டுக்கு வந்த பிறகு ஞாபகம் வந்ததும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை.

விஷயமே தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1844 மே மாதம் ஈரானின் ஷிராஸ் நகரத்தில் சையித் அலி முகம்மது என்ற 24 வயது வியாபாரி தன்னை 'பாப்', அதாவது வாசல், என்று அறிவித்தார். தனக்குப் பின்னால் இன்னும் பெரியவர் ஒருவர் வருவார் என்றார். 1850 ஜூலை 9 அன்று தப்ரீஸ் நகரத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவரைப் பின்பற்றியவர்களில் ஒருவரான மிர்சா ஹுசைன் அலி, 1863-ல் பாக்தாத்தில் ஒரு தோட்டத்தில் வைத்து, அந்த வரவேண்டியவர் தான்தான் என்று சொன்னார். அவர்தான் பஹாவுல்லா. ஊர் ஊராக நாடுகடத்தப்பட்டு 1868-ல் அக்கா என்ற சிறை நகரத்துக்கு வந்து சேர்ந்து, 1892-ல் அதன் பக்கத்திலேயே காலமானார். பிறகு மதத்துக்குத் தலைமை மகன் அப்துல்-பஹா, அவருடைய மகள் வயிற்றுப் பேரன் ஷோகி எஃபெண்டி, 1963 முதல் ஹைஃபா நகரத்தில் ஒன்பது பேர் கொண்ட உலக நீதி மன்றம் (பெயர்தான் மன்றம், கோர்ட் இல்லை, மதத்தை நடத்தும் குழு). டெல்லியில் டூர் போகிறவர்கள் எல்லாம் போட்டோ எடுத்துக்கொள்ளும் தாமரைக் கோயில், 1986-ல் திறந்தது, இவர்களுடையதுதான். நம் பக்கத்துக்கு இது புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம், 1870-களிலேயே ஜமால் எஃபெண்டி என்பவர் மதராஸ் வரை வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

சரி, என்னதான் சொல்கிறார்கள்? கடவுள் ஒருவர். கிருஷ்ணர், புத்தர், மோசே, இயேசு, முகம்மது எல்லோரும் அந்த ஒருவர் அந்தந்தக் காலத்துக்கு அனுப்பியவர்கள். இந்தக் காலத்துக்கு அனுப்பப்பட்டவர் பஹாவுல்லா. அடுத்தவர் வர இன்னும் ஆயிரம் வருடமாவது ஆகும். மனித குலம் ஒன்று, ஆணும் பெண்ணும் சமம், அறிவியலும் மதமும் முரண்படக்கூடாது, ஒவ்வொருவரும் உண்மையைத் தாமே தேட வேண்டும்.

இதை ஒரே மூச்சில் படிக்கும்போது ஒரே பேச்சு மாதிரி இருக்கிறது. அங்கேதான் கவனம் வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஒரு கொலுசுக்குள்ளேயே எல்லா இடமும் ஒரே டச் (வெள்ளியின் சுத்தம்) இருக்காது. கம்பி நல்ல வெள்ளியாக இருக்கும். துண்டுகளைச் சேர்த்துப் பற்றவைத்த இடத்தில் வேறு உலோகம் கலந்திருக்கும், அங்கே டச் இறங்கும். தெரிந்த வியாபாரி கண்ணுக்குப் பளபளவென்று தெரியும் இடத்தோடு நிறுத்த மாட்டார், பற்றவைத்த இடத்தையும் பார்ப்பார். மதம் சொல்வதிலும் வரலாறு ஒரு துண்டு, ஒழுக்கம் ஒரு துண்டு, முன்னறிவிப்பு ஒரு துண்டு, 'இதைச் சொன்னது கடவுளே' என்பது ஒரு துண்டு. ஒவ்வொன்றுக்கும் சோதனை வேறு. ஒரு துண்டு தேறியது என்பதற்காகப் பக்கத்துத் துண்டும் தேறிவிடாது. 'ஆகவே' என்று சொல்லி இரண்டை ஒட்டுகிறார்களே, அந்த 'ஆகவே'தான் பற்றவைத்த இடம்.

முதலில் வரலாற்றுத் துண்டு. பாப் கொல்லப்பட்ட கதையை எடுத்துக்கொள்வோம், படிப்பு வட்டத்துக்குப் போன எல்லோரையும் சிலிர்க்க வைப்பது இதுதான், சித்தி மகனும் இதைத்தான் முதலில் சொன்னான். பஹாய்கள் சொல்வது: பாபையும் ஓர் இளம் சீடரையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு 750 வீரர்கள் சுட்டார்கள். புகை கலைந்தால் சீடர் காயமில்லாமல் நிற்கிறார், பாபைக் காணோம். தேடினால் அறைக்குள் உட்கார்ந்து, பாதியில் நின்றுபோன பேச்சை முடித்துக்கொண்டிருக்கிறார். சுட்ட படையின் தலைவர் இனி இதைச் செய்ய மாட்டேன் என்று விலகிவிட, வேறொரு படையைக் கொண்டுவந்து சுடுகிறார்கள், இந்த முறை இறந்துவிடுகிறார்.

இதை விரிவாக எழுதிவைத்தவர் நபில். அவர் பஹாய், எழுதியது கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து. நாற்பது வருடத்துக்கு முன்னால் உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று நாலு அத்தைகளிடம் கேட்டுப் பாருங்கள், நான் சொல்ல வருவது புரியும். ஆனால் 'அதனால் பொய்' என்று முடித்துவிடவும் முடியாது, ஏனென்றால் வெளியாள் சாட்சி ஒன்று இருக்கிறது. டெஹ்ரானில் இருந்த பிரிட்டிஷ் தூதர் ஜஸ்டின் ஷீல், சம்பவம் நடந்து இரண்டே வாரத்தில் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில், குண்டுகள் கயிற்றை அறுத்துவிட்டன, புகை அடங்கியபோது ஆளைக் காணவில்லை, வானத்துக்குப் போய்விட்டார் என்று ஜனங்கள் கூவினார்கள், பிறகு தேடிப் பிடித்து இழுத்து வந்து சுட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். அவரும் தப்ரீஸில் நேரில் நின்றவர் இல்லை. ஆனால் பஹாய் மதத்துக்கு விளம்பரம் செய்யவேண்டிய அவசியம் அவருக்குக் கிடையாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் வேட்டில் சாகவில்லை, காணாமல் போனார், மறுபடி சுட்டார்கள் என்பதெல்லாம் நன்றாகவே நிற்கிறது. பேச்சை முடித்துக்கொண்டிருந்தார் என்பது நம்பிக்கையாளர் பக்கத்தில் மட்டும் இருக்கிறது. அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கி குறி தவறுவதற்கும் புகை கக்குவதற்கும் பேர் போனது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசித்திரமான சம்பவம் நடந்தது என்பது வரை சான்று வருகிறது. 'ஆகவே கடவுள் காப்பாற்றினார்' என்ற இடத்துக்கு அது வருவதில்லை, அடுத்த வேட்டில் ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் குகைக்கும் இதே கணக்குதான். குகை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அது காவிரி வரை போகிறது என்று சொல்கிறார்களே, அது வேறு விஷயம். குகை நிஜம் என்பதால் காவிரியும் நிஜமாகிவிடாது.

சுவாரசியம் என்னவென்றால், அற்புதத்தைச் சான்றாக வைக்காதே என்று அப்துல்-பஹாவே சொல்லியிருக்கிறார். லாரா பார்னி என்ற அமெரிக்கப் பெண்மணி அக்காவில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவரிடம் கேட்ட கேள்விகளும் பதில்களும் 1908-ல் புத்தகமாக வந்தன. அதில் அவர் சொல்வதன் சாரம்: அற்புதம் நேரில் பார்த்தவனுக்கு மட்டும்தான் சான்று, மற்றவனுக்கு அது வெறும் கதை, எல்லா மதத்திடமும் அப்படிக் கதை இருக்கிறது. இவ்வளவு நேர்மையாக ஒரு மதத் தலைவர் பேசி நான் அதிகம் பார்த்ததில்லை. அதே புத்தகத்தில் இன்னொன்று: பாக்தாத்தில் மதகுருமார்கள் அற்புதம் காட்டச் சொன்னபோது, சரி, நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அது நடந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று பஹாவுல்லா சொன்னாராம், அவர்கள் பின்வாங்கிவிட்டார்களாம். சோதனை முறை பிரமாதம், நிபந்தனையை முதலிலேயே எழுதிவைப்பது. (இந்தக் கதையும் நம்பிக்கையாளர் வாயிலிருந்துதான் வருகிறது. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அடுத்து முன்னறிவிப்புகள். இங்கேதான் புதியவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் போவோம். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு 1869 வாக்கில் பஹாவுல்லா எழுதிய கடிதத்தில், உன் பேரரசு கையை விட்டுப் போகும் என்றார். 1870 செப்டம்பரில் செடான் என்ற இடத்தில் நெப்போலியன் பிரஷ்யர்களிடம் பிடிபட்டார், பேரரசும் போனது. ஒட்டோமான் சுல்தான் அப்துல் அஜீஸ் பற்றியும் அதேபோல் ஒரு கடிதம். டெஹ்ரானில் அபுல் ஃபஸ்ல் என்ற பெரிய மார்க்க அறிஞர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, இது நடந்தால் பார்க்கலாம் என்று காத்திருந்தார். 1876-ல் சுல்தானைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அபுல் ஃபஸ்ல் பஹாய் ஆனார்.

அபுல் ஃபஸ்ல் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. நடப்பதற்கு முன்னால் பந்தயம் கட்டினார், நடந்த பிறகு கதையைப் பொருத்தவில்லை. ஆனாலும் இன்னும் கேட்க வேண்டியவை உண்டு. நடப்பதற்கு முன்பே எழுதியது என்பதற்கு அத்தாட்சி என்ன? எவ்வளவு குறிப்பாகச் சொன்னார், தேதியோடா, பொத்தாம்பொதுவாகவா? அன்று பேப்பர் படிக்கிற மற்றவர்களும் ஊகித்திருக்கக் கூடியதா? 1875-ல் ஒட்டோமான் அரசு கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்திருந்தது, அப்படிப்பட்ட நாட்டில் சுல்தான் விழுவது லாட்டரி அடிப்பது போல அபூர்வம் இல்லை. பலிக்காதவற்றை யாராவது எண்ணினார்களா?

அத்தாட்சி விஷயத்தில் பஹாய் பக்கம் பலமான ஓர் உதாரணம் இருக்கிறது. அவர்களுடைய சட்ட நூலான கிதாப்-இ-அக்தஸில் ரைன் நதிக்கரையில் ரத்தம் பற்றியும் பெர்லினின் அழுகை பற்றியும் வரி உண்டு. அந்த நூல் 1899-லேயே ரஷ்ய மொழிபெயர்ப்போடு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அச்சாகிவிட்டது. முதல் உலகப் போருக்கு (1914) முன்னால் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் காலக்கெடு இல்லாத வரி அது, ரைன் கரையோ நூற்றாண்டுக்கு இரண்டு முறை சண்டை பார்க்கும் இடம். தேதி தேறுகிறது, குறிப்புத்தன்மை பாதிதான் தேறுகிறது. இப்படிப் பாதி மதிப்பெண் கொடுக்கப் பழகுங்கள், எல்லாவற்றுக்கும் பாஸ் அல்லது ஃபெயில் போட வேண்டியதில்லை.

பலிக்காதவற்றின் பக்கம் வருவோம். ஒரு ஸ்காட்லாந்துப் பெண்மணிக்கு எழுதிய கடிதத்தில் அப்துல்-பஹா, தேசங்களின் ஒற்றுமை இந்த நூற்றாண்டிலேயே உறுதியாக நிலைபெறும் என்றார். அவர் சொன்ன 20-ம் நூற்றாண்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 1945-ல் ஐ.நா. வந்ததே, அதுதான் ஆரம்பம் என்று பஹாய்கள் பதில் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பலித்ததை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு, பலிக்காததற்கு மட்டும் உள்ளர்த்தம் தேடினால் எந்த ஜோசியரும் தோற்கவே மாட்டார்.

நீங்களே வீட்டில் உட்கார்ந்து சோதிக்கக்கூடிய ஒன்று சொல்கிறேன். ஷோகி எஃபெண்டி 1944-ல் வெளியிட்ட வரலாற்று நூலில், பகவத் கீதை பஹாவுல்லாவைப் 'பத்தாம் அவதாரம்' என்று குறிப்பிட்டது என்று எழுதுகிறார். கீதை 700 சுலோகம்தான், தமிழ் உரையோடு பாதி வீடுகளில் இருக்கும். நான்காம் அத்தியாயத்தில், தர்மம் குன்றும்போதெல்லாம் வருவேன் என்று கிருஷ்ணர் சொல்வது இருக்கிறது. பத்தாவது என்ற கணக்கு எங்கேயும் கிடையாது, தசாவதாரப் பட்டியலும் கல்கியும் புராணங்களில் வருவது. இதைச் சொன்னதும் சித்தி மகன் முகம் கொஞ்சம் வாடியது. அந்த ஒரு வரி தவறு என்பதால் மொத்த மதமும் விழாது, மொத்தமும் விழாது என்பதால் அந்த வரி சரியாகியும் விடாது. நாம் பிறந்து வளர்ந்த மரபைப் பற்றி ஒருவர் சொல்லும்போது நம்மால் சரிபார்க்க முடிகிறது. அதே நூலில் பாரசீகத்தையும் பைபிளையும் பற்றிச் சொல்வதை நாம் சரிபார்க்காமலே தலையாட்டியிருப்போம், அதுதான் யோசிக்க வேண்டியது.

ஒழுக்கப் போதனைகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பெரும்பாலும் நல்லவை. பெண் கல்வி, சாதி மத வேற்றுமை வேண்டாம், பூசாரி வர்க்கம் கிடையாது, 19-ம் நூற்றாண்டு ஈரானில் இருந்துகொண்டு இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். ஆனால் நல்ல கருத்து என்பது நல்ல கருத்துக்குத்தான் சான்று. வானத்திலிருந்து வந்தது என்பதற்கு இல்லை. அதேபோலத்தான் தியாகமும். 1979 புரட்சிக்குப் பிறகு ஈரானில் 200-க்கும் மேற்பட்ட பஹாய்களைக் கொன்றிருக்கிறார்கள். 1983 ஜூனில் ஷிராஸில் பத்துப் பெண்களைத் தூக்கிலிட்டார்கள், அதில் 17 வயதுப் பெண் ஒருத்தி. படித்தால் தூக்கம் வராது. அவர்கள் மனதார நம்பினார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. நம்பியது உண்மையா என்பது அப்போதும் தனிக் கேள்விதான்.

பகுத்தறிவு என்றாலே எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கறுப்புச் சட்டைதான் ஞாபகம் வரும், நீதிக்கட்சி 1944-ல் திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது சேலம் மாநாட்டில்தானே. அதனால் ஆராய்ந்து பார்ப்பது என்றால் மறுப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, சான்று எவ்வளவோ அவ்வளவு நம்புவது, அவ்வளவுதான். பஸ் டிரைவரை நம்பித்தான் இந்த வளைவுகளில் ஏறுகிறோம். அதுவும் நம்பிக்கைதான், ஆனால் தினமும் ஏறி இறங்கும் பஸ் என்ற அனுபவம் பின்னால் இருக்கிறது. அப்துல்-பஹாகூட நம்பிக்கை என்றால் முதலில் தெரிந்து அறிவது, அப்புறம் நற்செயல் என்றுதான் விளக்கம் சொல்கிறார். புலன், அறிவு, வேத வாக்கு, உள்ளுணர்வு நான்குமே தவறக்கூடியவை என்றும் சொல்கிறார். இதுவரை கச்சிதம். அப்புறம், பரிசுத்த ஆவியின் அருளால் வருவது மட்டும் தவறாது என்கிறார். எனக்குத் தோன்றியது அருளா, வெறும் ஆசையா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பேன்? மறுபடி அந்த நான்கில் ஒன்றை வைத்துத்தானே? இது ஒரு பற்றவைத்த இடம்.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது, நான் சொல்ல வந்ததே இதுதான் என்றும் வைத்துக்கொள்ளலாம். பிறர் கண்ணால் பார்க்காதே, உன் கண்ணால் பார் என்று பஹாவுல்லா எழுதியிருக்கிறார், பஹாய் வீட்டுப் பிள்ளைகள்கூட 15 வயதில் தாங்களே முடிவெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதே பஹாவுல்லா அக்தஸில், இறைவனின் நூலை உங்களிடம் உள்ள அளவுகோல்களால் எடை போடாதீர்கள், இந்த நூலே பிழையற்ற தராசு என்கிறார். வாசல் வரை உன் கண், உள்ளே வந்த பிறகு எங்கள் தராசு. நம் ஊரில் மளிகைக் கடைத் தராசுக்குக்கூட அரசு முத்திரை போட ஆள் உண்டு, கடைக்காரர் தராசைக் கடைக்காரரே சோதித்தால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

இது நடைமுறையில் எப்படி வருகிறது என்றால், ஆணும் பெண்ணும் சமம் என்ற மதத்தில் உலக நீதி மன்றத்தின் ஒன்பது இடமும் ஆண்களுக்கு மட்டும். ஏன் என்று கேட்டால், காரணம் பின்னால் நண்பகல் சூரியன் போலத் தெளிவாகும் என்று அப்துல்-பஹா சொன்னதைக் காட்டுவார்கள். இன்னொன்று, பஹாவுல்லாவின் ஒரு மடலில் கிரேக்க அறிஞர் எம்பெடோகிளிஸ் தாவீது ராஜா காலத்தவர் என்று வருகிறது, உண்மையில் இரண்டு பேருக்கும் நடுவில் சுமார் ஐந்நூறு வருடம். பழைய வரலாற்று ஆசிரியர்கள் சொன்னதை எடுத்து எழுதினார் என்பது விளக்கம். நியாயமான விளக்கம்தான், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எது அந்தக் காலத்துப் புத்தகத்திலிருந்து எடுத்தது, எது மேலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டுவது இப்போது யார் கண், யார் தராசு?

ஏரிக்கரையில் இறங்கியபோது அந்தப் பஹாய் நண்பர் எங்களுக்கு முன்னாலேயே வந்து மிளகாய் பஜ்ஜி வாங்கி வைத்திருந்தார். சித்தி மகன் சும்மா இருக்காமல் பஸ்ஸில் பேசியதையெல்லாம் ஒப்பித்துவிட்டான். அவர் கோபப்படவில்லை. கீதை விஷயத்தை மட்டும் குறித்துக்கொண்டார், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "என்ன நடந்தா, இது தப்புன்னு நீங்க ஒத்துக்குவீங்க?"

கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆயிரம் வருஷத்துக்குள்ள எங்க ஆளுங்களே ரெண்டா பிரிஞ்சு, எது அசல்னு தெரியாம போனா, எனக்குக் கஷ்டம்தாங்க," என்றார். பிரிவு வராது என்பதை அவர்கள் பெரிதாகச் சொல்வார்கள். சில சிறு குழுக்கள் ஏற்கெனவே பிரிந்து போயிருக்கின்றனவே என்றேன். அவை கணக்கில் வராது என்றார். ஏன் வராது என்று சித்தி மகன் கேட்டான், எனக்கு முன்னால் அவனே கேட்டது சந்தோஷமாக இருந்தது.

"சரிங்க, நீங்க சொல்லுங்க," என்று என் பக்கம் திரும்பினார் அவர். "ஆடி மாசம் கோட்டை மாரியம்மனுக்குத் தவறாம போறீங்களே. என்ன நடந்தா நிறுத்துவீங்க?"

பஜ்ஜி ஆறிப்போய்விட்டது. ஆறின பிறகும் பதில் வரவில்லை.